நான் தண்ணி ஊத்தல, மச்சான்

மூன்றாம் டிவிசன்,
தெரணியகலை.
ஞாயிற்றுக்கிழமை, காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு.

கட்டார் நாட்டில் பஸ் கராஜில் சூப்பர்வைசராகக் கடமையாற்றும், என் மனைவியின் மூத்த அண்ணன், மரியாதைக்குரிய திருச்செல்வம் மச்சான் அவர்களுக்கு, தங்கச்சி மாப்பிள்ளை பழனியாண்டி பணிவோடு எழுதுவது.

இங்கே நான், உங்கள் தங்கச்சி ஜீவராணி, பிள்ளைகள் இருவர், போன மாதக் காற்றில் ஒரு தகரம் மட்டும் பறந்துபோன எங்கள் லயத்துக் கூரை, எல்லாரும் அம்மன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அங்கே தாங்களும் தங்கள் முழங்காலும் சுகமா என்று அறிய ஆசைப்படுகிறோம். இந்தக் காலத்தில் யாரப்பா கடிதம் எழுதுகிறான் என்று நீங்கள் நினைப்பீர்கள். வாட்ஸப்பில் எழுதினால் நாலு வரி வாசித்துவிட்டு ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். வொய்ஸ் அனுப்பினால் அதை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பீர்கள். இது வேகமாகக் கேட்கக்கூடிய விஷயம் இல்லை. ஆகவே, லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்பும் ஆள் ஒருவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நீங்கள் கடைசி வரி வரைக்கும் வாசிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டுத்தான் அவர் எழும்ப வேண்டும் என்று உங்கள் தங்கச்சி அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தண்ணி ஊத்தவில்லை. இது இப்போது தொரை கையெழுத்துப் போட்டு, தோட்டத்து சீல் அடித்த பேப்பரில் இருக்கிறது. போட்டோ கொப்பி இத்துடன் வருகிறது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். போன வருசக் கடைசியில் கம்பெனி எங்கள் தோட்டத்துக்குக் தேயிலைக் கொழுந்து ஏற்றப் புது லொறி ஒன்று கொடுத்தது உங்களுக்குத் தெரியும், நான் மாலை போட்டுப் போட்டோ அனுப்பினேன். அந்த லொறிக்கு இரண்டு டேங்க். ஒன்று டீசலுக்கு. மற்றது நீல மூடி போட்ட சின்ன டேங்க், அதில் அட்புளூ என்று ஒரு தண்ணி ஊற்ற வேண்டும். உங்களுக்கு இதெல்லாம் பச்சைத் தண்ணி மாதிரி, ஆனால் தங்கச்சி எல்லாவற்றையும் விளக்கமாக எழுதச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். புகைக் குழாயில் ஒரு சின்ன இன்ஜெக்டர் இருக்கிறது. அது இந்த அட்புளூவைப் பூவாளி மாதிரி சூடான புகைக்குள் தூவும், தூவினால் புகையில் இருக்கிற நஞ்சு முறிந்துவிடும். தூவாவிட்டால் லொறியின் கம்ப்யூட்டருக்குக் கோபம் வந்து முன்னால் மஞ்சள் விளக்கை எரியவிடும். அப்படியும் தூவாவிட்டால் எஞ்சினின் பலத்தில் பாதியைப் பிடுங்கிக்கொள்ளும். பேரில்தான் நீலம் இருக்கிறது மச்சான், ஊற்றிப் பார்த்தால் கிணற்றுத் தண்ணி மாதிரி நிறமே இல்லை. என் கஷ்டகாலம் எல்லாம் இந்த நிறமில்லாத நிறத்தில்தான் ஆரம்பித்தது.

சித்திரை வருசப் பிறப்பு முடிந்து மூன்றாம் நாள், பின்னேரக் கொழுந்தை நிறுத்து ஏற்றிக்கொண்டு பெக்டரிக்கு ஏறும்போது அந்த விளக்கு முதல்தடவை எரிந்தது. நானும் ஏதோ பூச்சி உட்கார்ந்திருக்கிறது என்று துடைத்துப் பார்த்தேன். இரண்டாம் வளைவில் எஞ்சின் மூச்சை விட்டது. முதல் கியரில், ஒரு மனுசன் நடக்கிற வேகத்தில், ஊர்ந்துகொண்டு போகிறேன். எனக்குப் பின்னால், சந்தியிலிருந்து வந்த பாட்டுப் போட்டு ரொட்டிப் பாண் விற்கிற ஆட்டோ மாட்டிக்கொண்டது. எனக்கு ஒதுங்க இடமில்லை, அவனுக்கு முந்த இடமில்லை, அவன் பாட்டையும் நிறுத்தவில்லை. அந்தப் பாட்டோடு நான் முன்னால் போகப் போக, லயத்துச் சனங்களெல்லாம் வெளியே வந்து என் லொறியைக் கைகாட்டி மறித்து ரெண்டு றாத்தல் பாண் கேட்டார்கள். ஒரு ஆள் கொழுந்துச் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க என்று கேட்டது. பெக்டரிக்குப் போய்ச் சேரும்போது அடிச் சாக்குக் கொழுந்து சூடேறிச் சிவந்து போயிருந்தது. டீமேக்கர் ஒரு பிடியை எடுத்து என் மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து, இது கொழுந்தா, வேகவச்ச கீரையா என்று சிங்களத்திலும் தமிழிலும் ஒவ்வொரு தடவை கேட்டார்.

மறுநாள் இரத்தினபுரிக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு கராஜில் பெரிய ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் பாஸ் ஒருத்தர் வயரைக் குத்திப் பார்த்துவிட்டு, அட்புளூ தூவுறது போதாது என்று கோட் வருகிறது, இன்ஜெக்டர் அடைத்துவிட்டது என்றார். மாற்றினார். இன்ஜெக்டரை வெளியே எடுத்துத் தூவவிட்டும் காட்டினார், அழகாகத் தூவியது. விளக்கு அணைந்தது. "லைட் எக நே, தங் கெதர யன்ன" என்றார், விளக்கு போச்சு, இனி வீட்டுக்குப் போ என்று. வீட்டுக்கு வந்தேன். அன்றைக்குப் பின்னேரம் கொழுந்து ஏற்றினேன், இரண்டாம் வளைவில் விளக்கு எரிந்தது. திரும்பப் போனேன். இந்தத் தடவை பம்ப் என்றார். மாற்றினார், தூவிக் காட்டினார், விளக்கு அணைந்தது, கெதர யன்ன. வந்தேன், கொழுந்து ஏற்றினேன், எரிந்தது. மூன்றாந்தடவை புகையை மோந்து பார்க்கிற சென்சர் என்றார். அந்த பாஸ் கெட்ட மனுசன் இல்லை மச்சான், தேத்தண்ணி எல்லாம் வாங்கிக் கொடுத்தார். ஆனால் என் லொறியைக் கண்டதும் கராஜில் இருந்த நாய் வாலை ஆட்டிக்கொண்டு எழும்பி வருகிற அளவுக்கு நாங்கள் பழக்கமாகிவிட்டோம்.

இங்கேதான் எங்கள் தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் ஐயா உள்ளே வருகிறார். மூன்று சாமானும் மாற்றியாச்சு, மூன்றும் புதுசு, அப்படியானால் பிழை சாமானில் இல்லை, ஆளில் இருக்கிறது என்று அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஸ்டோரில் இருந்து எடுத்த அட்புளூக் கேன்களை நான் சந்தியில் யாருக்கோ கொடுத்துவிட்டு டேங்கில் லயத்துப் பீலியில் பிடித்த தண்ணியை நிரப்புகிறேனாம். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், நிறுவை நேரம், எல்லா ஆட்களும் பார்த்திருக்க, நீல மூடியைத் திறந்து விரலை விட்டு, எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நிறமில்லை. மோந்தார். இது தண்ணி என்றார். நான் இருபத்திரண்டு வருசம் இந்தத் தோட்டத்தில் ஸ்டீயரிங் பிடித்தவன். சேத்துக்குள்ள எறக்கியிருக்கேன், ஒரு தடவை கோயில் தேரோட முட்டியிருக்கேன், ஆனா கள்ளன்னு ஒருத்தரும் சொன்னதில்ல மச்சான்.

அப்பத்தான் உங்க உதவிய தேடினேன். விளக்கு படத்தையும் கோட் நம்பரையும் அனுப்பி, மச்சான் என்னா செய்யிறதுன்னு கேட்டது ஞாபகம் இருக்கும். நீங்க மூணு நாள் கழிச்சு வொய்ஸ் அனுப்பினீங்க. அது வந்து விழுந்த நேரம் நான் மடுவத்துல கிளாக்கர் ஐயா மேசைக்கு முன்னால நிக்கிறேன். என் போன்ல காதுக்குப் போற சத்தம் பழுது, ஸ்பீக்கர்லதான் கேக்கும். நல்ல செய்தியா இருக்கும், ஐயாவும் கேக்கட்டும்னு நம்பி பட்டன அமத்தினேன். கட்டார்ல இருந்து உங்க குரல் மடுவம் முழுக்கக் கேட்டுச்சு: "மாப்புள, நூத்துக்குத் தொண்ணூறு இது தண்ணி ஊத்துற கேஸ்தான். நீங்க தெரியாம தண்ணிய ஊத்திட்டீங்க. இங்க எங்க டிரைவருமாரும் இதத்தான் செய்வாங்க, செஞ்சுட்டு இல்லன்னு சத்தியம் பண்ணுவாங்க."

கிளாக்கர் ஐயா இன்னொருக்காப் போடச் சொன்னாரு. போட்டேன். பேனாவ எடுத்து எழுதினாரு. மறுநாள் எனக்கு வந்த விசாரணைக் கடிதத்துல, 'வெளிநாட்டில் பணிபுரியும் வாகன நிபுணர் ஒருவரின் கருத்தும் இதனை உறுதிப்படுத்துகின்றது' அப்படின்னு ஒரு வரி இருந்துச்சு. அந்த நிபுணர் நீங்கதான். உங்க தங்கச்சி அன்னையில இருந்து உங்க போன எடுக்காததுக்குக் காரணம் சிக்னல் கோளாறு இல்ல.

நான் சும்மா இருக்கல. இது தண்ணி இல்லன்னு காட்டுறேன்னு சொல்லி, ஒரு கரண்டி நிறைய டேங்குல இருந்து எடுத்து, மடுவத்து அடுப்புல கிளாக்கர் ஐயா முன்னாலயே காய்ச்சினேன். தண்ணின்னா ஆவியாகி ஒண்ணும் மிஞ்சாது. இது வத்தி வத்தி, கரண்டில வெள்ளையா உப்பு மாதிரி படிஞ்சுச்சு. பாருங்கய்யான்னு நிமிந்து நின்னேன். அவரு அத நகத்தால சொரண்டிப் பாத்தாரு, முகம் மலந்துச்சு. இது யூரியா இல்லயா, நம்ம உர ஸ்டோர்ல மூட்டையில இருக்கிற சாமான்தானேன்னாரு. அட்புளூ செய்யிறதே சுத்தமான யூரியாவுலதான் ஐயான்னு நான் சொல்லச் சொல்ல, அப்ப உர மூட்டையையும் திருடிக் கரைச்சு ஊத்தியிருக்கன்னு இன்னொரு குற்றத்தையும் சேத்து எழுதிட்டாரு. காலையில ஒரு குற்றத்தோட போன நான் ரெண்டு குற்றத்தோட வீட்டுக்கு வந்தேன்.

சாவிய வாங்கிட்டாங்க. லொறிய மடுவத்துக்குப் பக்கத்துல நிறுத்தி வச்சு, வாடகை டிராக்டர்ல கொழுந்து போச்சு. விசாரணை வியாழக்கிழமை காலையில, வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டு நேரத்துல, தொரை வந்து நடத்துவாருன்னாங்க. அதுவரைக்கும் என்னையப் புல்லு வெட்டுற கணக்குல போட்டாங்க. புல்லு வெட்டுறது கேவலமில்ல மச்சான், எங்கப்பா வெட்டினதுதான். ஆனா மேல ரோட்டுல அந்த டிராக்டர் போற சத்தத்த கேட்டுக்கிட்டு கீழ மலையில குனிஞ்சு நிக்கிறது இருக்கே, அத நான் எழுத மாட்டேன்.

சனிக்கிழமை டவுனுக்கு நிஸாரப் பாக்கப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஆட்டோவுக்கு வயரிங் செய்யிற கடை வச்சிருக்காரே, அந்த நிஸார்தான். இப்ப சின்ன ஸ்கேனர் ஒண்ணு வாங்கி, வேனுக்கும் லொறிக்கும் பாக்கிறாரு. அவரு கதை முழுக்கக் கேட்டுட்டு, கோட் நம்பரப் பாத்து சாமான் மாத்துறது, காய்ச்சல்னு சொன்னதும் தலைய மாத்துற மாதிரின்னு சொன்னாரு. கோட் சொல்றது, தூவுறது போதாதுங்கிறது மட்டுந்தான். ஏன் போதாதுன்னு அதுக்குத் தெரியாது. டேங்குல இருந்து பம்ப், பம்ப்புல இருந்து டியூப், டியூப்புல இருந்து இன்ஜெக்டர், இதுல எங்க நிக்குதுன்னு நாங்கதான் தேடணும்னு சொல்லிட்டு, கடைசில, அண்ணன்னு கூப்பிடுறத அவரு வழக்கத்துல நானான்னு கூப்பிட்டு, ஒரு கேள்வி கேட்டாரு: "நானா, லைட் பத்துற நேரம் எப்படி ஈக்கிது? காலையா பின்னேரமா, மழையா வெயிலா, ஏத்தமா எறக்கமா?" என்கிட்ட அதுக்குப் பதில் இருந்துச்சு. முதல் நாள்ல இருந்து விளக்கு எரிஞ்ச நேரத்தயும் எரியாத நேரத்தயும் நான் பிள்ளையோட பழைய கொப்பி ஒண்ணுல குறிச்சு வச்சிருக்கேன். அத எடுத்துப் பாத்து யோசிச்சு வைக்கச் சொன்னாரு.

ஞாயித்துக்கிழமை பகல் கொப்பிய விரிச்சு வச்சு யோசிக்கிறேன், ஒண்ணும் பிடிபடல. மழையிலயும் எரிஞ்சிருக்கு, வெயில்லயும் எரிஞ்சிருக்கு. ஒரே ஏத்தத்துல சில நாள் எரிஞ்சிருக்கு, சில நாள் எரியல. உங்க தங்கச்சி சோத்த வடிச்சுட்டு வந்து எட்டிப் பாத்தா. எரியாத தேதிகள்ல விரல வச்சு, இது பௌர்ணமிப் போயா லீவு, இது அந்த நாலு நாள் வறட்சி, அன்னைக்கு நாங்க ஆறு கிலோ கூடப் பறிக்கல, அரைப் பேர்தான், அரை நாள் சம்பளந்தான் போட்டாங்க, இது நீங்க காலி லொறியோட இரத்தினபுரி போன நாள்னு கடகடன்னு சொன்னா. எனக்குத் தேதிதான் தெரிஞ்சுச்சு, அவளுக்குக் கொழுந்து தெரிஞ்சுச்சு. கொழுந்து கொறைஞ்ச ஒரு நாளும் விளக்கு எரியல. கொழுந்து நிறைஞ்ச ஒரு நாளும் எரியாம இல்ல. நடுவுல ஒரே ஒரு போயா நாள் மட்டும் எரிஞ்சிருந்துச்சு, அது என்னான்னு பாத்தா கோயில் வேலைக்கு சீமெந்து மூட்டை ஏத்தி வந்த நாள். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். பாரம் ஏறினா எரியுது மச்சான். கராஜுக்கு நான் எப்பவும் காலி லொறியத்தானே கொண்டு போனேன். அந்த பாஸ் மூணு தடவையும் காலி லொறியத்தான் தூவ விட்டுப் பாத்தாரு, அது தூவாம என்னா செய்யும்.

நிஸாருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். வியாழக்கிழமை விசாரணைக்கு அவரே ஸ்கேனரோட வாறேன்னாரு.

வியாழக்கிழமை காலையில மடுவத்துல தொரை உக்காந்திருக்காரு. புதுத் தொரை, கண்டிப் பக்கத்து ஆள், வயசு முப்பத்தஞ்சு இருக்கும், தமிழ் விளங்கும், பேச வராது. பக்கத்துல கிளாக்கர் ஐயா பைலோட. எதிர்ல நான். பெரட்டுக்கு வந்த பொம்பளைங்க கூடையோட சுத்தி நிக்கிறாங்க. கிளாக்கர் ஐயா ரெண்டு குற்றத்தயும் வாசிச்சாரு, உங்க கருத்தயும் வாசிச்சாரு. நான் கொப்பியக் காட்டி, பாரம் ஏத்தினாத்தான் எரியுதுங்க, பாரத்தோட ஒரு தடவ சோதிச்சுப் பாக்க விடுங்கன்னு கேட்டேன். கிளாக்கர் ஐயா சிரிச்சாரு. காலங்காத்தால ஏத்துறதுக்குக் கொழுந்துக்கு எங்க போறது, பின்னேரம் வரைக்கும் தொரையக் காக்க வைக்கிறதான்னு கேட்டாரு. ஞாயந்தான். கொழுந்து இன்னும் செடியில இருக்கு.

கூட்டத்துக்குள்ள இருந்து உங்க தங்கச்சி முன்னுக்கு வந்தா. கூடையக் கழட்டிக் கீழ வச்சா. "கொழுந்து இல்லாட்டி என்னாங்க," அப்படின்னா, "கொழுந்து பறிக்கிற நாங்க இருக்கோமே. ஏறி நிக்கிறோம்."

கிளாக்கர் ஐயா எழும்பிட்டாரு. கொழுந்து லொறியில ஆள் ஏத்தக் கூடாது, சட்டம் இருக்குன்னாரு. தொரை சிங்களத்துல, ஓடுற லொறியிலதானே ஏத்தக் கூடாது, இது நிக்கிற லொறிதானேன்னு கேட்டாரு. கிளாக்கர் ஐயா திரும்பவும் உக்காந்துட்டாரு. "ஹரி, பலமு" அப்படின்னாரு தொரை. சரி, பாப்போம்னு.

நிஸார் லொறிக்கு அடியில பூந்தாரு. இன்ஜெக்டரப் புகைக் குழாயில இருந்து கழட்டி, டிஸ்பென்சரில இருந்து கேட்டு வாங்கின மருந்து அளக்கிற கிளாசுக்கு மேல பிடிச்சாரு. ஸ்கேனர என் கையில குடுத்து, சொல்ற நேரம் தூவுற பட்டன அமத்தச் சொன்னாரு. காலி லொறி, அமத்தினேன். உஸ்ஸுன்னு மழைச் சாரல் மாதிரி தூவிச்சு, கிளாஸ்ல கோடு கோடா ஏறிச்சு. தொரை குந்தி உக்காந்து பாத்தாரு. பொறகு பொம்பளைங்க ஏற ஆரம்பிச்சாங்க. கூடைய வச்சுட்டு, சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு, ஒருத்தர ஒருத்தர் கை பிடிச்சுத் தூக்கி, கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி சிரிச்சுக்கிட்டு ஏறினாங்க. பத்துப் பேர், தூவிச்சு. இருவது பேர், தூவிச்சு. முப்பது பேர், சாரல் மெலிஞ்சுச்சு. முப்பத்தாறு பேர் ஏறினதும் சாரல் போயி சொட்டா விழுந்துச்சு, நிஸார் அடியில இருந்து கத்திச் சொன்னாரு, பம்ப் முழு அமுக்கத்துல தள்ளுது, ஸ்கேனர்ல பாருங்க, ஆனா இங்க வந்து சேரலன்னு. முப்பத்தேழாவதா மருதாயி அக்கா ஏறினாங்க. எங்க கூட்டத்துலயே தாட்டியான ஆள். அவங்க ஏறியும் சொட்டு நிக்கல. பெரட்டுக்கு வந்த எல்லாரும் ஏறியாச்சு, மிச்ச ஆளெல்லாம் மலைக்குப் போயாச்சு. இன்னும் கொஞ்சம் பாரம் வேணும், ஆள் இல்ல.

தொரை சுத்திப் பாத்தாரு. கிளாக்கர் ஐயாவப் பாத்து, நீங்க ஏறுங்கன்னாரு.

மச்சான், அந்தக் காட்சியப் பாக்க நீங்க இங்க இருந்திருக்கணும். பைலக் கக்கத்துல வச்சுக்கிட்டு, சப்பாத்துக் கால டயர்ல வச்சு, மருதாயி அக்கா மேல இருந்து ஒரு கையப் பிடிச்சு இழுக்க, உங்க தங்கச்சி மத்தக் கையப் பிடிச்சுத் தூக்க, கிளாக்கர் ஐயா கொழுந்து லொறியில ஏறினாரு. முப்பத்தேழு பொம்பளைங்களுக்கு நடுவுல நின்னாரு. நான் அமத்தினேன். சொட்டு நின்னுச்சு. ஒரு துளி இல்ல. என் கையில இருந்த ஸ்கேனர்ல அந்தப் பழைய கோட், மூணு மாசமா என் சோத்துல மண்ணள்ளிப் போட்ட அதே நம்பர், பளிச்சுன்னு வந்து நின்னுச்சு.

தொரை அவர எறங்கச் சொன்னாரு. எறங்கினாரு, சொட்டு விழுந்துச்சு. ஏறச் சொன்னாரு, நின்னுச்சு. மூணு தடவ ஏத்தி எறக்கினாரு. நாலாந்தடவயும் சொன்னாரு, அது சோதனைக்கா ஆசைக்கான்னு எனக்குச் சொல்லத் தெரியல.

நிஸார் அடியில இருந்து நகந்து நகந்து போயி, டியூப்பக் கையால தடவிக்கிட்டே வந்து ஒரு இடத்துல நிறுத்தினாரு. தொரையயும் கூப்பிட்டாரு. தொரை காற்சட்டையோட மண்ணுல படுத்து உள்ள பாத்தாரு. லொறித் தட்டுல ஒரு பலகை உடைஞ்சு, சித்திரைக்கு முந்தி எங்க தோட்டத்து தச்சாசாரி புதுசு போட்டிருக்காரு. அதுக்கு அடிச்ச போல்ட்டு ஒண்ணு ரெண்டு இஞ்சு கூடுதலா கீழ நீட்டிக்கிட்டு இருக்கு. பாரம் ஏறினா பலகை தொய்யும், தொய்யும்போது போல்ட்டு எறங்கி, சட்டத்து மேல போற அட்புளூ டியூப்ப அமுக்கிப் பிடிச்சுக்கும். பாரம் எறங்கினா பலகை நிமிரும், போல்ட்டு விட்டுடும், டியூப் திறந்துக்கும். அந்த இடத்துல டியூப்பச் சுத்தி வெள்ளை வெள்ளையா உப்பு பூத்திருந்துச்சு. இன்ஜெக்டர்ல பிழை இல்ல, பம்ப்புல இல்ல, சென்சர்ல இல்ல, டேங்குல இல்ல, என்கிட்டயும் இல்ல. ஒரு போல்ட்டு மச்சான்.

இவ்வளவு நீட்டுப் போல்ட்டு ஏன் போட்டதுன்னு தொரை கேட்டாரு. தச்சாசாரியக் கூப்பிட்டாங்க. அந்த ஆள் நேரா நின்னு சொல்லிட்டாரு, அளவான போல்ட்டு ஸ்டோர்ல இல்ல, டவுன்ல வாங்கித் தாங்கன்னு கேட்டேன், நீட்டு இருக்கே அதப் போடுன்னு துண்டுச் சீட்டு எழுதித் தந்தாங்கன்னு. துண்டையும் எடுத்து நீட்டினாரு. அதுல யாரு கையெழுத்துன்னு நான் எழுதத் தேவையில்ல. அந்தக் கையெழுத்துக்குச் சொந்தக்காரர் இன்னும் லொறி மேலதான் நின்னுக்கிட்டு இருந்தாரு. எறங்க ஒருத்தரும் கை குடுக்கல.

நிஸார் போல்ட்ட அளவா வெட்டி, நசுங்கின டியூப்பக் கழட்டிப் புதுசு போட்டு, அத வேற பக்கமா இழுத்துக் கட்டிட்டாரு. பொம்பளைங்க எல்லாரையும் திரும்ப ஏத்தினோம். தூவிச்சு, காலி லொறில தூவின மாதிரியே உஸ்ஸுன்னு. மருதாயி அக்கா மேல நின்னு குதிச்சே பாத்தாங்க. தூவிச்சு. தொரை என்கிட்ட வந்து, சாவிய என் கையில வச்சு மூடினாரு. அப்ப நான் அழல. கண்ணுல மண்ணு விழுந்திருந்துச்சு, லொறிக்கு அடியில குனிஞ்சு பாத்ததால.

அன்னைக்குப் பின்னேரம் ஏத்தின கொழுந்து இந்த வருசத்துலயே கூடின கொழுந்து, பொம்பளைங்க வேணும்னே பறிச்சாங்கன்னு நினைக்கிறேன். ரெண்டாம் வளைவுல ரெண்டாம் கியர் போட்டேன், மூணு போட்டேன், லொறி சாமி வந்த மாதிரி ஏறிச்சு. கண்ணு ரோட்டுல பாதி, விளக்குல பாதி. எரியல. பெக்டரில டீமேக்கர் அடிச் சாக்குல கைய விட்டு, ஐஸ் மாதிரி இருக்குன்னாரு. ரெண்டு மொழியிலயும் சொன்னாரு. இரத்தினபுரி பாஸுக்குப் போன் பண்ணினேன். அவரு ரொம்ப நேரம் சிரிச்சுட்டு, இனிமே பாரத்தோட வாற லொறியப் பாரத்தோடதான் பாப்பேன்னு ஒத்துக்கிட்டாரு. நல்ல மனுசன்.

இப்ப உங்க விஷயத்துக்கு வாறேன். ரெண்டு குற்றமும் தள்ளுபடின்னு தொரை எழுதிக் குடுத்துட்டாரு. நான் ஒரே ஒரு வேண்டுகோள் வச்சேன், எங்க மச்சான் சொன்ன வரிய மட்டும் பைல்ல இருந்து எடுத்துடுங்க, குடும்ப மானம்னு. கிளாக்கர் ஐயா இப்ப என்கூட ரொம்பத் தன்மையாப் பேசுறாரு. பைல்ல போன பேப்பர எடுக்க முடியாது பழனியாண்டி, அது கம்பெனிச் சட்டம்னு சொல்லி, அதுக்குப் பதிலா அந்த வரிக்குக் கீழ சிவப்பு மையில இன்னொரு வரி எழுதி, சீல் வச்சு, எனக்கும் கொப்பி தந்தாரு: 'மேற்படி வெளிநாட்டு நிபுணரின் கருத்து முற்றிலும் தவறானது என நிரூபிக்கப்பட்டுள்ளது.' இது கொழும்பு ஹெட் ஆபீசுக்கும் போயிருக்கு.

ஆகவே மச்சான், நீங்கள் மூத்தவர், எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. எங்கள் கல்யாணத்தில் முன்னால் நின்றவர் நீங்கள்தான். ஆனால் ஒன்று மட்டும் மரியாதையோடு சொல்லிக்கொள்கிறேன். வாகன விஷயத்தில் இனி நான் உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டிய தேவை இந்த ஜென்மத்தில் வராது. தெரணியகலைப் பக்கத்தில் அட்புளூ என்றால் இப்போது என்னைத்தான் கேட்கிறார்கள். நேற்று பஸ்காரர் ஒருத்தர் வீட்டுக்கே வந்து, ஐயா இருக்காங்களா என்று விசாரித்தார். உங்கள் தங்கச்சி அவரை உட்காரவைத்து, எந்தத் தேதியில் எரிந்தது, அன்றைக்கு எத்தனை பேர் ஏறியிருந்தார்கள் என்று எனக்கு முன்னால் அவளே கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

அம்மன் உங்களையும், உங்கள் முழங்காலையும், நீங்கள் பொறுப்பாகப் பார்க்கும் பஸ்கள் அத்தனையையும் காப்பாற்றட்டும். வருகிற லீவில் கட்டாயம் வாருங்கள். தங்கச்சி உங்கள் போனை இனி எடுப்பாள், நீங்கள் இதை வாசித்தாகிவிட்டது என்று செய்தி வந்த பிறகு. பிள்ளைகள் மாமாவுக்கு வணக்கம் சொல்கிறார்கள்.

என்றும் தங்கள் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய
தங்கச்சி மாப்பிள்ளை,
மு. பழனியாண்டி,
லொறி டிரைவர்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது தொரை ஆளனுப்பிக் கூப்பிட்டார், போயிட்டு இப்பத்தான் வந்தேன். என் லொறிய இன்னைக்கே வேற தோட்டத்துக்கு எடுத்துட்டாங்க மச்சான், அது இப்ப நல்ல கண்டிசன்ல இருக்காம். நான் கெட்டிக்காரன்னு கொழும்பு வரைக்கும் பேச்சுப் போனதால, கம்பெனி பரீட்சைக்கு எறக்கின பெட்டரி லொறி ஒண்ண என்கிட்ட ஒப்படைச்சிருக்காங்க. டீசல் இல்ல, அட்புளூ இல்ல, இன்ஜெக்டர் இல்ல, புகைக் குழாயே இல்ல. மடுவத்துல நிக்குது, நாளைக்குக் காலையில ஓட்டணும். சாவியத் திருப்பினதும் முன்னால ஆமை மாதிரி ஒரு படம் மஞ்சளா எரியுது. நிஸாரக் கேட்டேன், அவரும் இந்த ஆமைய இதுவரைக்கும் கண்டதில்லையாம். கடிதம் வந்து சேர ஒரு வாரம் ஆகும், அதனால படத்த வாட்ஸப்புலயும் அனுப்பியிருக்கேன். தயவுசெஞ்சு உடனே ஒரு வொய்ஸ் போடுங்க மச்சான். என் போன் இன்னும் ஸ்பீக்கர்லதான் கேக்குது, மடுவத்துக்குக் கேக்காத மாதிரி கொஞ்சம் சத்தத்தக் கொறைச்சுப் பேசுங்க.